நிரல் ஊருக்கு, சாவி யாருக்கு?

"எல்லாத்தையும் சும்மா குடுத்துட்டா, அப்புறம் அவங்க எப்படித்தான் சம்பாதிக்கிறாங்க?" ஓப்பன் சோர்ஸ் பற்றி யாரிடம் பேச்சு எடுத்தாலும் பத்து நிமிஷத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். இதற்கு ஒரு ரெடிமேட் பதிலும் இருக்கிறது: "சாஃப்ட்வேர் இலவசம், சப்போர்ட்டுக்குக் காசு." கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

இந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் ஓரளவு சரியாக இருந்த பதில். இன்றைக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தால், 2018-க்குப் பிறகு மோங்கோடிபி, எலாஸ்டிக்சர்ச், டெராஃபார்ம், ரெடிஸ் என்று வரிசையாக நடந்த எதுவுமே புரியாது. இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு ஓப்பன் சோர்ஸ் கம்பெனி எதை விற்கிறது என்று பார்ப்பது பாதி வேலை. அந்த நிரலின் கதவைத் தனியாளாகப் பூட்டக்கூடிய சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. இந்தத் தலைப்பில் எழுதுபவர்களில் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். அதனால் அங்கே முப்பது நாற்பது வருஷமாகக் குழப்பம். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் ஈமாக்ஸ் மென்பொருளை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். அவர் எழுதிய ஜிபிஎல் உரிமம் விற்பனையை எங்கேயும் தடுக்கவில்லை. வாங்கியவர் அதை நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஒரு நிபந்தனையே போதும், நகலின் விலை கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்யத்தை நோக்கிப் போய்விடும். ஆக, இந்தத் துறையில் பிழைக்க வேண்டுமென்றால் நகலெடுக்க முடியாத ஏதோ ஒன்றைத்தான் விற்றாக வேண்டும்.

நகலெடுக்க முடியாதது எது?

ரெட் ஹேட் 1993-ல் தொடங்கிய கம்பெனி. 2012-ல் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஓப்பன் சோர்ஸை மட்டுமே நம்பிய ஒரு கம்பெனி அந்தக் கோட்டைத் தொட்டது அதுவே முதல் முறை. 2019-ல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. லினக்ஸை யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்கிறபோது இவ்வளவு காசு எதற்கு?

'சப்போர்ட்டுக்கு' என்று சொன்னால் போன் எடுத்து உதவி கேட்பதுதான் நினைவுக்கு வரும். அது சின்ன பகுதிதான். ரெட் ஹேட் உண்மையில் விற்பது காலம். ஒரு பதிப்பை வெளியிட்டால் அதைச் சுமார் பத்து வருஷம் அப்படியே வைத்திருப்பார்கள். நடுவில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், புதிய பதிப்பில் வந்த திருத்தத்தைப் பழைய பதிப்புக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டித் தருவார்கள். ஒரு வங்கியோ விமானக் கம்பெனியோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. கூடவே, இந்த சர்வரில், இந்த டேட்டாபேஸோடு இது ஓடும் என்று சோதித்துத் தரும் சான்று. ஏதாவது நடந்தால் பொறுப்பேற்க ஒரு பெயர். நிரலை நகலெடுக்கலாம், இந்த உழைப்பை நகலெடுக்க முடியாது. தினமும் செய்தாக வேண்டிய வேலை அது.

மற்ற வழிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மைஎஸ்க்யூஎல் கம்பெனி இரட்டை உரிமம் விற்றது. அதாவது ஜிபிஎல் நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டால் இலவசம், உங்கள் நிரலைத் திறக்க விருப்பமில்லை என்றால் காசு கொடுத்துத் தனி உரிமம் வாங்கிக்கொள்ளலாம். 2008-ல் சன் கம்பெனி அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. கிட்லேப் போன்றவை 'ஓப்பன் கோர்' வழி: அடிப்படை மென்பொருள் திறந்தது, பெரிய நிறுவனங்களின் மேலாளர்களுக்கு வேண்டிய வசதிகளுக்கு மட்டும் காசு. அடுத்தது ஹோஸ்டிங். "நீங்க நிறுவிப் பராமரிக்க வேண்டாம், நாங்களே ஓட்டித் தரோம், மாசாமாசம் கட்டுங்க." மோங்கோடிபியின் அட்லஸ் சேவை 2016-ல் வந்தது. இன்று அந்தக் கம்பெனியின் வருமானத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான்.

இதையெல்லாம் விடப் பெரிய வருமானம், தன்னை ஓப்பன் சோர்ஸ் கம்பெனி என்று சொல்லிக்கொள்ளாத இடங்களில் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலை கூகுள் திறந்து வைத்திருக்கிறது. அந்த நிரலால் நேரடி வருமானம் இல்லை. ஆனால் போனில் தேடலும் ப்ளே ஸ்டோரும் கூகுளுடையவை, அவை திறந்தவை அல்ல. பக்கத்துக் கடைப் பண்டத்தை மலிவாக்கினால் நம் கடைப் பண்டத்துக்கு கிராக்கி கூடும் என்கிற பழைய வியாபாரக் கணக்குதான். தோசைக்கல்லை சும்மா கொடுத்துவிட்டு மாவு விற்பதைப் போல.

பந்தியில் உட்கார்ந்தவர் யார்?

இப்போது சண்டைக்கு வருவோம். ஹோஸ்டிங்தான் வருமானம் என்று ஆனதும் ஒரு சிக்கல் வந்தது. ஹோஸ்டிங்கில் அமேசானை யாரும் ஜெயிக்க முடியாது. சர்வர் அவர்களுடையது, பில் போடும் இடமும் அவர்களுடையது. 2013-லேயே அமேசான் தன் கிளவுடில் ரெடிஸை ஒரு சேவையாகத் தர ஆரம்பித்துவிட்டது. 2015-ல் எலாஸ்டிக்சர்ச்சையும் தந்தது. உரிமம் அனுமதித்தது, செய்தார்கள்.

அதன் பிறகு நடந்தது ஒரே கதையின் நான்கு பிரதிகள். 2018 அக்டோபரில் மோங்கோடிபி தன் உரிமத்தை எஸ்எஸ்பிஎல் என்று தானே எழுதியதற்கு மாற்றியது. இந்த மென்பொருளைச் சேவையாக விற்றால், அந்தச் சேவையை நடத்தப் பயன்படும் பேக்கப், கண்காணிப்பு, நிர்வாக மென்பொருள் எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நடைமுறையில் யாரும் செய்ய முடியாத நிபந்தனை. செய்யக் கூடாது என்பதுதான் நோக்கமும். 2021 ஜனவரியில் எலாஸ்டிக் அதே வழியில் போனது. 2023 ஆகஸ்டில் டெராஃபார்மை வைத்திருந்த ஹாஷிகார்ப், போட்டியாளர்கள் பயன்படுத்தத் தடை போடும் உரிமத்துக்கு மாறியது. 2024 மார்ச்சில் ரெடிஸ். எஸ்எஸ்பிஎல் ஓப்பன் சோர்ஸ் உரிமமே இல்லை என்று, ஓப்பன் சோர்ஸுக்கு வரையறை வைத்திருக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு 2021-லேயே சொல்லிவிட்டது.

இந்தக் கம்பெனிகள் சொன்ன நியாயம் ஏறக்குறைய ஒன்றுதான். "நாங்க கஷ்டப்பட்டு சமைச்சோம், அமேசான் வந்து பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டுப் போயிடுச்சு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஊரான் வீட்டு நெய் என்றால் தாராளமாக ஊற்றுவது கிளவுட் கம்பெனிகளின் குணம் என்பதை நானும் மறுக்கவில்லை. எலாஸ்டிக்கின் பெயரையே தன் சேவைக்கு வைத்துக்கொண்டு அமேசான் பல வருஷம் விற்றது. அதன் மேல் வணிகப்பெயர் வழக்கு போட்டு எலாஸ்டிக் கேட்டது சரியான கேள்வி. பிறகு அமேசான் அந்தப் பெயரை விட்டுவிட்டது.

ஆனால் இந்த நியாயத்தில் விடுபட்டுப்போகிற கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த மென்பொருள்கள் எப்படிப் பரவின? ஒரு எஞ்சினியர் யாரிடமும் அனுமதி கேட்காமல், பர்ச்சேஸ் ஆர்டர் போடாமல், வக்கீலிடம் காட்டாமல் நிறுவிக்கொள்ள முடிந்ததால்தான் பரவின. அனுமதி தேவையில்லை என்பதே இவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம். பழைய காலத்து ஆரக்கிள் மாதிரி ஒரு விற்பனைப் படையை வைத்து அந்த இடத்தைப் பிடித்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பந்திக்கு எல்லாரையும் கூப்பிட்டதால்தான் கூட்டம் கூடியது. கூட்டத்தைக் காட்டித்தான் முதலீடு வந்தது. மோங்கோடிபி 2017-லும் எலாஸ்டிக் 2018-லும் பங்குச்சந்தைக்குப் போயின. அதற்குப் பிறகு 'நீ மட்டும் எழுந்திரு' என்பது, சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அதைத் தர்மயுத்தம் மாதிரி பேசுவதுதான் உறுத்துகிறது. எலாஸ்டிக் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே உறுத்தும், ஏனென்றால் அப்பாச்சி உரிமத்தில் இருக்கும் நிரலின் உரிமத்தை எப்போதும் மாற்ற மாட்டோம் என்று 2018-ல் அவர்களே எழுத்தில் சொல்லியிருந்தார்கள்.

ரெடிஸ் கதை வேறு ஒரு கோணத்தில் இடிக்கிறது. அதை 2009-ல் எழுதியவர் இத்தாலியைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ. இன்று ரெடிஸ் என்ற பெயரில் இருக்கும் கம்பெனி 2011-ல் வேறு பெயரில், வேறு ஆட்களால் தொடங்கப்பட்டது. அதன் தொழிலும் முதலில் ரெடிஸை ஹோஸ்ட் செய்து தருவதுதான்! அதாவது அமேசான் செய்த அதே காரியம். பிறகு சான்ஃபிலிப்போவை வேலைக்கு எடுத்தார்கள், பெயருரிமையும் கைக்கு வந்தது. 2020-ல் அவர் விலகியதும் ஐந்து பேர் கொண்ட மையக்குழு அமைந்தது. அதில் அமேசானிலிருந்து ஒருவர், அலிபாபாவிலிருந்து ஒருவர். ஆக, 'கிளவுட்காரர்கள் எடுக்க மட்டுமே செய்தார்கள், எதுவும் கொடுக்கவில்லை' என்பது ரெடிஸ் விஷயத்தில் நிற்காது. உரிமம் மாறிய ஒரே வாரத்தில் வேல்கீ என்ற பிரதி லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் பிறந்ததும் இதனால்தான். நிரல் தெரிந்தவர்கள் வெளியேயும் இருந்தார்கள்.

சாவி எங்கே ஒளிந்திருக்கிறது

இந்த நான்கு கம்பெனிகளாலும் ஒரே இரவில் உரிமத்தை மாற்ற முடிந்தது. லினக்ஸ் கெர்னலுக்கு அப்படி யாராலும் செய்ய முடியாது. ஏன்? இந்தக் கட்டுரையின் மையம் இந்தக் கேள்விதான்.

லினக்ஸில் எழுதிய ஒவ்வொருவருக்கும் தன் வரிகளின் மேல் காப்புரிமை இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள். அவர்கள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்காமல் ஜிபிஎல்-ஐ மாற்ற முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் முடியாது. பல பேர் சேர்ந்து வெட்டிய ஊருணி மாதிரி. ஒருத்தர் வேலி போட முடியாது.

மோங்கோடிபி, எலாஸ்டிக், ஹாஷிகார்ப் போன்ற கம்பெனிகளில் வெளியாள் ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பினால், முதலில் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். சிஎல்ஏ என்பார்கள். 'என் நிரலை நீங்கள் எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் வெளியிடலாம்' என்பதுதான் பொதுவாக அதன் சாரம். பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவோம், யாரும் படிப்பதில்லை. அந்தப் பட்டன்தான் சாவி. ரெடிஸுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அதன் பழைய பிஎஸ்டி உரிமம் எவ்வளவு தாராளம் என்றால், யார் வேண்டுமானாலும் அந்த நிரலை எடுத்து மூடிய பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம். அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில் கம்பெனியும் அடக்கம்.

'அப்போ தாராள உரிமம் ஆபத்தா?' என்று கேட்கலாம். இல்லை. போஸ்ட்கிரெஸைப் பாருங்கள். அதன் உரிமமும் அதே அளவு தாராளம். யார் வேண்டுமானாலும் மூடிய பிரதி செய்யலாம், செய்துமிருக்கிறார்கள். ஆனால் மூலத் திட்டத்தையே மூட யாராலும் முடியவில்லை, ஏனென்றால் அது எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. மையக்குழுவில் ஒரே கம்பெனி ஆட்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதப்படாத ஒரு விதி அங்கே உண்டு. அதனால் வியாபாரம் படுத்துவிட்டதா? அமேசான், மைக்ரோசாஃப்ட், ஈடிபி, சுபாபேஸ் என்று ஒரு பெரிய சந்தையே அதைச் சுற்றி இருக்கிறது. போஸ்ட்கிரெஸை ஓட்டித் தரும் நியான் என்ற சின்ன கம்பெனியை 2025-ல் டேட்டாபிரிக்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. சாவி கையில் இல்லாதவர்கள் செய்கிற வியாபாரம் இது. சேவை மோசமானால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதால் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

இங்கே எதிர்க்கேள்விகள் மூன்று வரும். மூன்றுமே நியாயமானவை.

முதலாவது: மோங்கோடிபி உரிமத்தை மாற்றியும் நன்றாகத்தானே இருக்கிறது? உண்மை. ஆனால் அங்கே நிரலை எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் அந்தக் கம்பெனி சம்பளக்காரர்கள். வெளியே பிரதியைத் தூக்கிப் பிடிக்கக் கூட்டம் இல்லை. கூட்டம் இருந்த இடங்களில் கதை வேறு. எலாஸ்டிக்கிலிருந்து ஓப்பன்சர்ச், டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு, ரெடிஸிலிருந்து வேல்கீ. மூன்றும் இன்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குள் இருக்கின்றன. இதில் பெரிய வேடிக்கை, கதவைப் பூட்டியது அமேசானைத் தண்டிக்க. பூட்டிய பிறகு அமேசானிடம் சொந்தமாகப் பராமரிக்கும் ஒரு பிரதி வந்துசேர்ந்தது. மாட்டிக்கொண்டது இடையில் நின்ற சின்ன கம்பெனிகளும் வழங்கல்களைப் பராமரிப்பவர்களும்தான்.

இரண்டாவது: ரெட் ஹேட் மட்டும் யோக்கியமா? முழுக்க இல்லை. அதன் இலவசப் பிரதியான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆயுள் என்று நம்பி நிறுவியவர்களிடம், 2020 டிசம்பரில் வந்து 2021-ஓடு முடிகிறது என்றார்கள். 2023 ஜூனில், வெளியீட்டுப் பதிப்பின் மூலநிரல் இனி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றார்கள். ஜிபிஎல் எழுத்துப்படி தப்பில்லை, மனசுப்படி இடிக்கும். ஆனாலும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர்களால் ஜன்னலைத்தான் சாத்த முடிந்தது. வாசல் கதவு அவர்களுடையது இல்லை. ராக்கி, அல்மா இரண்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது: காசு பார்ப்பதையே குற்றம் சொன்னால் யார்தான் எழுதுவார்கள்? நான் காசைக் குற்றம் சொல்லவில்லை. காசே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்ன நூலகத்தில் பின்கதவு வைக்கப்பட்டது தெரியவந்தது. உலகத்து லினக்ஸ் சர்வர்களில் பெரும்பகுதியில் இருக்கும் நூலகம் அது. பல வருஷமாகச் சம்பளம் இல்லாமல் பராமரித்துக் களைத்துப்போன ஒருவரிடம், உதவிக்கு வந்தவன் போல நடித்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஆள் வைத்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலர், மைக்ரோசாஃப்டில் சம்பளம் வாங்குபவர். வருமானம் வேண்டும், கட்டாயம் வேண்டும். அந்த வருமானத்துக்கு ஈடாக யார் எதை அடகு வைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

திரும்பி வந்தவர்கள்

2024 ஆகஸ்டில் எலாஸ்டிக் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு "மறுபடி ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டோம்" என்றது. 2025 மே மாதம் ரெடிஸும் அதையே செய்தது. பலர் கைதட்டினார்கள். ஏஜிபிஎல் நல்ல உரிமம், சந்தேகம் இல்லை. நெட்வொர்க் வழியாகச் சேவை தருபவரும் தன் மாற்றங்களைத் திறக்க வேண்டும் என்கிற உரிமம் அது.

ஆனால் ஒப்பந்தப் பட்டன் அப்படியே இருக்கிறது. அதனால் ஏஜிபிஎல் உங்களைக் கட்டுப்படுத்தும், என்னைக் கட்டுப்படுத்தும், அமேசானைக் கட்டுப்படுத்தும். கம்பெனியை மட்டும் கட்டுப்படுத்தாது. நாளைக்கு நிர்வாகம் மாறினாலோ, வேறொருவர் வாங்கினாலோ, இன்னொரு முறை பூட்டலாம். கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. சாவியைக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. ஹாஷிகார்ப்பை 2025-ல் ஐபிஎம் 640 கோடி டாலருக்கு வாங்கி முடித்தபோது கைமாறிய சொத்தில் அந்தச் சாவியும் ஒன்று.

ஆகவே, உங்கள் அலுவலகத்தில் ஒரு டேட்டாபேஸையோ கருவியையோ தேர்வு செய்யும்போது உரிமத்தின் பெயரோடு நிற்காமல் மூன்று விஷயம் பாருங்கள். பங்களிக்க வருபவரிடம் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை எழுதி வாங்குகிறார்களா? நிரலில் கைவைக்கும் அதிகாரம் உள்ளவர்கள் ஒரே கம்பெனியிலா, பல இடங்களிலா? திட்டத்தின் பெயர் யாருடைய சொத்து? மூன்றுக்கும் ஒரே கம்பெனிதான் பதில் என்றால், அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நானும் அப்படிப்பட்டவை சிலவற்றைப் பயன்படுத்துகிறேன், அவற்றில் நல்ல மென்பொருள் நிறைய இருக்கிறது. ஆனால் அதை ஒரு கம்பெனியின் பொருள் என்று நினைத்தே வாங்குங்கள். விலை ஏறலாம், விதி மாறலாம், விட்டு வெளியேற ஒரு வழியை இப்போதே யோசித்து வையுங்கள்.

பங்களிப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நீங்கள் திருத்தி அனுப்பும் இருபது வரிக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. பரவாயில்லை, அதற்காக யாரும் எழுதுவதும் இல்லை. ஆனால் அனுப்பும் முன் அந்த ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். இரண்டு பக்கம்தான் இருக்கும்.